எறும்பு செத்த பால்

சிரட்டையில் என் பால் இருந்தது. பாலுக்கு நடுவில் ஒரு கறுப்பு எறும்பு.

என் நாத்தனார் காத்தாயி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பதினெட்டு நாள் பிள்ளை.

எறும்பு முதலில் கால்களை வேகவேகமாக அடித்தது. சிரட்டை ஓரத்துக்கு வந்து ஒரு நாரைப் பிடித்தது. பிடி நழுவியது. பிறகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அசையாமல் கிடந்தது.

"செத்துப்போச்சு," என்றார் காத்தாயி. "எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா? இது பாலில்ல, வெசம். இதக் குடிச்சா புள்ள எப்படிடி தேறும்?"

எங்கள் சனங்களிடம் இது பழைய சோதனை. பிள்ளை தேறாவிட்டால் தாய்ப்பாலில் எறும்பை விடுவார்கள். கரையேறினால் நல்ல பால், செத்தால் கெட்ட பால். எறும்பைத் தவிர வேறு யாரையும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அழுதேன் என்று எழுதினால் படிக்கிற நீங்கள் இரக்கப்படுவீர்கள். ஆனால் நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்து நிற்கும்.

தராசுக்காரர் பெண்சாதி

போன வாரம் இந்தப் பத்தியில் கண்டி மஹய்யாவ ஸ்டோர் லயத்தை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், காப்பி ஸ்டோர் என்றால் என்ன, கடையா என்று கேட்டிருக்கிறார். மலையெல்லாம் தேயிலையான பிறகு பிறந்தவராக இருக்க வேண்டும். அவர் மேல் தப்பில்லை.

மலைத் தோட்டங்களிலிருந்து காப்பிக் கொட்டை தோலோடு வண்டி வண்டியாக வரும். அதை முற்றத்தில் காயவைத்து, தோல் நீக்கி, பொறுக்கி, சாக்கில் கட்டி ரயிலில் கொழும்புக்கு அனுப்புகிற இடம்தான் ஸ்டோர். கண்டிக்கு ரயில் வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. கூவுகிற சத்தம் கேட்டால் நாங்கள் பொறுக்குவதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்குவோம். கங்காணி கத்துவார்.

பொறுக்குகிற வேலை பெண்களுக்கு. வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சுளகில் கறுப்பு, உடைசல், பூச்சி அரித்தது என்று பிரித்தெடுப்போம். நல்ல கொட்டை சீமைக்குப் போகும். கறுப்பும் உடைசலும் எங்கள் அடுப்புக்கு வரும். அதை வறுத்து இடித்துப் போட்ட காப்பியைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். வாய் கசந்தாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த ஸ்டோரில் தராசுக்காரர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக வாயால் சொல்லாததை இப்போது அச்சுப்போட்டு ஊருக்குச் சொல்வானேன். நல்ல மனிதர். ஒரே குறை, எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

ஐப்பசி மழையில் எங்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பெண். என்னைப் பெற்றவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்க ஆள் இல்லை. அதனால் பன்வில பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து அவருடைய அக்கா காத்தாயி வந்தார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கங்காணியின் மனைவி, நாலு ஆண்பிள்ளைகளுக்குத் தாய்.

ஐந்தாவதாக அவருக்கு ஒரு பெண் பிறந்து, ஐம்பது நாள் இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. அது போன மறுமாதம்தான் எனக்குப் பிள்ளை பிறந்தது. அவருக்குப் பால் இன்னும் வற்றவில்லை. காலையும் மாலையும் லயத்துக்குப் பின்னால் போய்ச் சிரட்டையில் பீய்ச்சி, கொய்யாமரத்தடியில் ஊற்றிவிட்டு வருவார். யாரும் மிதிக்கக் கூடாத இடமாகப் பார்த்து ஊற்றுவார்.

மதினியின் சட்டம்

பிள்ளை பெற்ற உடம்பைப் பார்ப்பதில் மதினிக்கு நிகர் யாருமில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை இடுப்பில் அடித்து ஊற்றுவார். மிளகும் பூண்டும் அரைத்துக் குழம்பு வைப்பார். அந்த வாசனைக்கே பசி எடுக்கும்.

ஆனால் பிள்ளைக்கும் எனக்கும் அவர் சில சட்டம் வைத்திருந்தார். முதல் மூன்று நாள் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகும் பிள்ளைக்கு நாளைக்கு நாலு தடவைதான் பால். கூடினால் மாந்தம் வந்துவிடும். இடையில் அழுதால் கருப்பட்டித் தண்ணீரில் துணி நனைத்து வாயில் வைப்பார். எனக்குச் சோறும் பத்தியக் குழம்பும் மட்டும். தண்ணீர் கேட்டால் தொண்டையை நனைக்க ஒரு மடக்கு.

"புள்ள பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு பானையாட்டம் ஆயிரும்டி. எங்க நாலு புள்ளயும் இப்படித்தான் வளந்துச்சு," என்பார்.

வெளியே ஓயாத மழை. கூரையிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாக்கு வறண்டு கிடப்பேன்.

பிள்ளை கருப்பட்டித் துணியைச் சப்பிச் சப்பித் தூங்கிவிடும். பால் கொடுக்கிற வேளை வந்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிவிடும். அழுகை கிடையாது. எவ்வளவு சாதுவான பிள்ளை என்று லயமே மெச்சியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நானும் பூரித்துப்போனேன்.

சாக்குக் கழிவு

பிறந்த மறுநாள் என் வீட்டுக்காரர் ஸ்டோரிலிருந்து சின்னத் தராசைக் கொண்டுவந்தார். வண்டியில் வருகிற காப்பியில் ஒரு பிடி எடுத்து மாதிரி நிறுக்கிற தராசு அது. தீட்டு வீட்டுக்குள் அவர் வரக் கூடாது. வாசல் நிலையில் தொங்கவிட்டார்.

மதினி வழியை மறித்துக்கொண்டு நின்றார். "காப்பி நிறுக்கிற தராசுல புள்ளைய வெப்பியாடா? கண்ணு பட்டுரும்."

"தராசுக்குக் கண்ணு இல்லக்கா. கொண்டாங்க," என்றார் அவர்.

அன்று ஆறு றாத்தல் இருந்தாள். பதினாறு அவுன்ஸ் ஒரு றாத்தல். எட்டாம் நாள் நிறுத்தால் ஐந்தே முக்கால்தான். பயந்துபோன என்னை அவர்தான் தேற்றினார். ஈரக் காப்பி முற்றத்தில் காயும்போது எடை குறையத்தான் செய்யும், கொட்டை கெட்டுப்போனதென்று அர்த்தமில்லை, காய்ந்த பிறகு எடை நிற்கும் என்றார். தொழிலை வைத்து அவர் சொன்னது அந்த அளவுக்குச் சரிதான். பிறந்த பிள்ளை முதல் வாரத்தில் கொஞ்சம் இளைக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஏற வேண்டும். காப்பிக்கொட்டை ஏறாதே!

பதினாறாம் நாள் தீட்டுக் கழித்துப் பிள்ளைக்கு நகை பூட்டினார்கள். மறுபடி நிறுத்தார். ஆறு றாத்தல்! நான் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுக்கச் சொன்னேன். மதினிக்கும் சந்தோஷம்தான். பிள்ளையின் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினார்.

கற்கண்டைக் கடித்துக்கொண்டே நின்ற என் வீட்டுக்காரர் திடீரென்று வாயை மூடினார். "சாக்குக் கழிவு பாக்கலியே," என்றார்.

காப்பியைச் சாக்கோடு நிறுத்தால் வெறும் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். அதுதான் சாக்குக் கழிவு. பிள்ளையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண், கால்களில் தண்டை, கையில் இரும்பு வளையும் வசம்பு மாலையும், கழுத்தில் தாயத்து. ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மறுபடி தராசில் வைத்தார். எட்டாம் நாளைவிட இரண்டு அவுன்ஸ் குறைவு.

ஏறியது முழுவதும் நகை. துணியில்லாமல் கிடந்த பிள்ளையை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். தொடையில் தோல் மடிந்து தொங்கியது. அழாத பிள்ளை சாதுவான பிள்ளை இல்லை, அழச் சத்தில்லாத பிள்ளை என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது.

சொல்லக் கூடாத சொல்

அன்றைக்கு மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எங்கிட்ட பாலு இருக்குடி. தெனமும் மரத்தடியில ஊத்துறேன். புள்ளையக் குடு, நான் குடுக்கிறேன்."

நான் கொடுத்திருக்கலாம். அவர் கேட்டது நியாயம். ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல். என் பிள்ளை இன்னொருத்தி மார்பில் வயிறு நிறைவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. லயத்தில் யாரோ சொல்லி என் காதில் விழுந்திருந்த பேச்சை எடுத்து அவர் மேல் எறிந்தேன்.

"புள்ள செத்த பாலு எம்புள்ளைக்கு வேணாம்."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. மதினி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளினார். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் தம்பியிடம் சொன்னார், முப்பது கழிந்ததும் பிள்ளையைப் பன்விலவுக்குக் கொண்டுபோகிறேன் என்று. அதை என் வீட்டுக்காரர் என்னிடம் வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு மூணு மாசம் அக்காகிட்ட இருக்கட்டுமே புள்ள. உசுரோட இருந்தா போதும்னு தோணுது எனக்கு."

இரண்டு மூன்று மாசமாம். பெண் பிள்ளையைப் பறிகொடுத்து, மார்பில் பாலோடு இருக்கிறவர் கையில் ஒரு பெண் பிள்ளையைக் கொடுத்தால், அது யாரை அம்மா என்று கூப்பிடும்? தம்பி மகள் தன் மகள் மாதிரிதான் என்று ஊரும் சொல்லிவிடும். நான் வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். விடமாட்டேன் என்று மனதில் சொல்லிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள்தான் எறும்பு வந்தது. என் பால் ஆகாதா, உன் பாலைப் பார்ப்போம் என்று மதினிக்கு இருந்திருக்கும். அதில் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஐந்து சிரட்டை

எறும்பு செத்துக் கிடந்ததா, நான் வாசலில் நின்ற மைமூனைக் கூப்பிட்டேன். காப்பி வண்டி ஓட்டுகிறவரின் மனைவி, அடுத்த வீடு, என் வயதுக்காரி. ஐந்து மாதப் பையனை இடுப்பில் வைத்திருந்தாள். அந்தப் பையனைத் தூக்குவதற்குத் தனித் தெம்பு வேண்டும்.

"மைமூன், ஒங்க ஆட்டுப்பாலு ஒரு சிரட்டை கொண்டாறியா? அப்படியே பீலித் தண்ணி ஒரு சிரட்டை. கஞ்சித் தண்ணி நம்ம சட்டியில இருக்கு."

"என்னத்துக்கு புள்ள?"

"எறும்பு குளிக்கட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். மைமூன் ஓடினாள். மூன்று சிரட்டை வந்தது. நானே மூன்று எறும்பைப் பிடித்து விட்டேன். ஆட்டுப்பாலில் விட்டது முதலில் செத்தது. கஞ்சியில் விட்டது அடுத்தது. மலை ஓடையிலிருந்து குழாய் வழியே வந்து விழுகிற பீலித் தண்ணீரில் விட்டது கொஞ்சம் அதிகமாகத் தத்தளித்தது, அவ்வளவுதான்.

"ஊரே குடிக்கிற தண்ணியும் வெசந்தான் போல," என்றேன். எனக்கு அப்போது இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. வாசலில் இன்னும் பெரிய சிரிப்பு.

மதினி சிரிக்கவில்லை. எழுந்து லயத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது கையில் ஐந்தாவது சிரட்டை இருந்தது. கீழே வைத்து, சுவரிலிருந்து ஒரு எறும்பை எடுத்து அதில் போட்டார். அது அவருடைய பால் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த எறும்பும் செத்தது.

மதினி எழுந்திருக்கவில்லை. அந்தச் சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதத்தானே அவ குடிச்சா," என்றார், யாரிடமும் இல்லாமல். "ஐம்பது நாளும் இதத்தானே குடிச்சா."

என் திமிரெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளையை மைமூனிடம் கொடுத்துவிட்டு, பாயிலிருந்து நகர்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன்.

"மதினி, எறும்புக்கு நீச்சத் தெரியாது. அவ்வளவுதான். ஒங்க புள்ள காய்ச்சல்ல போச்சு. பாலால போகல."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஐந்து சிரட்டையையும் மைமூன் எடுத்துக்கொண்டு போனாள்.

பால் இருக்கிறது, வேளைதான் இல்லை

வழக்கில் ஜெயித்தாயிற்று. ஆனால் வழக்கில் ஜெயித்தால் பிள்ளைக்கு எடை ஏறிவிடுமா? பிள்ளை அதே பிள்ளைதான். முப்பதுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று மாலை மைமூன் மறுபடி வந்தாள். எங்கள் பத்தியம் பற்றியெல்லாம் விசாரித்தாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்குப் பால் ஈக்குது புள்ள. வேளதான் இல்ல. பசிக்கிற நேரம் துணியக் குடுக்கிறீங்க. பசி போன பொறகு பாலக் குடுக்கிறீங்க. எங்க வீட்டு மாட்டுக்குத் தண்ணி வெக்காமக் கறந்தா ஒதைக்கும். நீ ஒதைக்காம இருக்கிறியே."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். நாலு வேளை என்ற கணக்கை அன்றோடு விட்டேன். பிள்ளை வாயைத் திறந்தால் பால், கையைச் சப்பினால் பால், திறக்காவிட்டாலும் எழுப்பிப் பால். உள்ளங்காலைச் சுரண்டுவேன். ஈரத்துணியால் கழுத்தைத் துடைப்பேன். ஒரு பக்கம் குடித்துக் கண் செருகினால் தோளில் போட்டுத் தட்டி மறுபக்கம் மாற்றுவேன். துணிச்சுற்றெல்லாம் அவிழ்த்துவிட்டு வெறும் உடம்போடு என் நெஞ்சில் போட்டுக்கொள்வேன். அப்போது தூக்கத்திலேயே தேடிக் குடிக்கும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது என் தலைமாட்டில் செம்பு நிறையக் கொத்தமல்லித் தண்ணீர் இருந்தது. இளஞ்சூடு. மதினி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கருப்பட்டித் துணியைத் தேடினேன், காணோம். அடுப்பில் எரிந்திருக்க வேண்டும். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் பால் ஊறுவதற்கென்று சுறாக் கருவாடு குழம்பாக வந்தது.

நாலாம் நாளிலிருந்து பிள்ளை அழத் தொடங்கியது. நல்ல கணீரென்ற அழுகை. அந்தச் சத்தம் கேட்டு நான் சிரித்தேன். துணி நனைவதும் கூடியது. முன்பு நாளைக்கு இரண்டு மூன்று நனைந்தால் பெரிது. இப்போது மழையில் காயவைக்க இடமில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி வரிசையாகப் போட்டோம். பிள்ளை பக்கத்தில் வந்தாலே புகைமணம் வரும். இன்றைக்கும் விறகுப் புகையில் காய்ந்த துணியை முகர்ந்தால் எனக்கு நெஞ்சில் பால் சுரக்கிற நினைப்பு வந்துவிடும், இந்த வயதிலும்.

என் வீட்டுக்காரர் நாலு நாளைக்கு ஒரு தடவை தராசோடு வந்தார். ஒரு நூல்கூட இல்லாமல் நிறுத்தார். முதல் தடவை இரண்டு அவுன்ஸ் ஏற்றம். தராசு முள் நிற்கும்வரை மூச்சு விடாமல் பார்த்துவிட்டு, "ரெண்டு," என்றார். அடுத்த தடவை ஆறு அவுன்ஸ்.

முப்பதாம் நாள்

முப்பதாம் நாள் காலை மழை விட்டிருந்தது. தலைக்கு ஊற்றி, வீடு மெழுகி, சாமி கும்பிட்டோம். மைமூன் வீட்டுக்காரர் மலைக்குக் காப்பி ஏற்றப் போகிற வண்டியில் மதினி ஊருக்குப் போவதாக ஏற்பாடு. வாசலில் மாடு பூட்டி நின்றது. உள்ளே இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தார். ஒன்று அவருடையது. இன்னொன்றின் இடுக்கில் என் பிள்ளையின் துணி தெரிந்தது.

"கடைசியா ஒரு தடவை நிறுடா," என்றார் தம்பியிடம். அரைஞாண், தண்டை, தாயத்து எல்லாவற்றையும் அவரே கழற்றினார்.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை பார்த்தார். தராசைக் கையால் நிறுத்தி மூன்றாம் தடவையும் பார்த்தார். "ஆறு றாத்தல் பத்து அவுன்ஸ்," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "புள்ள இங்கயே இருக்கட்டும்க்கா," என்றார்.

மதினி தலையை ஆட்டினார். சின்ன மூட்டையை அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக் கொடியில் போட்டார். அவசரமேயில்லாமல் போட்டார். பிறகு பிள்ளையைத் தூக்கி உச்சி முகர்ந்தார்.

பிள்ளைக்கு அப்போது பசி. மதினி நெஞ்சில் முகத்தைப் போட்டுத் தேய்த்து வாயைத் திறந்தது. கிடைக்கவில்லை என்றதும் வீரிட்டது. மதினியின் சேலைத் தலைப்பில் இரண்டு பக்கமும் ஈரம் பரவியதை நான் பார்த்தேன். அவர் சட்டென்று பிள்ளையை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, அழுவுது. வாங்கிக்க."

"நீங்க குடுங்க மதினி."

"என்னத்த?"

"பாலு."

அவர் என்னையே பார்த்தார். "ஒனக்குத்தான் இருக்கே. எம் பாலு வேணாமுன்னியே."

"அன்னைக்கு நான் சொன்னது வாயில புழு வெக்கிற பேச்சு. எம்புள்ளைக்குக் குடுத்துட்டுப் போங்க."

மதினி நின்ற இடத்திலேயே சுவரோரமாக உட்கார்ந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று, பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது. மதினியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. வெளியே வண்டிக்காரர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். மைமூன் அவரிடம் போய், "மாட்ட அவுத்துடுங்க, கொஞ்சம் சொணங்கும்," என்றாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"வயிறு நெறஞ்சிருச்சு. தூங்கிட்டா," என்று பிள்ளையை என்னிடம் நீட்டினார்.

பன்னிரண்டு நாளாக யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருந்த பிள்ளை. நான் கையை நீட்டவில்லை.

"தூங்கட்டும் மதினி," என்றேன். "அவ முழிக்கிற வரைக்கும் வச்சிருங்க."